துள்ளும் பச்சைப் பெட்டி

கிராஷ் பாண்டிகூட் வீடியோ கேம் ஆடியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். 1996-இல் வந்த முதல் ஆட்டத்தில் இருந்தது சிவப்பு டிஎன்டி வெடிப்பெட்டி. அதுவாவது நியாயஸ்தன். தலையில் மிதித்தால் 3, 2, 1 என்று எண்ணிக் காட்டும், ஓடிவிடலாம். அடுத்த வருடம் இரண்டாம் பாகத்தில் வந்து சேர்ந்தது பச்சை நைட்ரோ. எண்ணிக்கையும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. பட்டால் போச்சு.

சரி, அதைக்கூடப் பொறுக்கலாம். சும்மா இருக்கிற பெட்டி நடுநடுவே ஏன் துள்ள வேண்டும்? நேற்று இரண்டு நைட்ரோவுக்கு நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம். மூச்சைப் பிடித்துக்கொண்டு தாவினேன். இறங்கும் நேரம் பார்த்து இடப்பக்கத்துச் சனியன் துள்ளியது. அது என்னைத் தொடவே இல்லை! என் கட்டைவிரல்தான் பதறி வலப்பக்கம் இழுத்துவிட்டது. டமால்.

ஆச்சரியக்குறி போட்ட பச்சைப் பெட்டி ஒன்று உண்டு. அதைத் தட்டினால் அந்தக் கட்டத்தின் நைட்ரோ எல்லாம் தானாக வெடித்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதைப் பெரும்பாலும் வைத்திருப்பது கட்டத்தின் கடைசியில், அத்தனை நைட்ரோவையும் தாண்டிப் போன பிறகு!