கடலுக்குப் பக்கத்தில் கூரை போட்ட கடல்

போன ஞாயிறு எட்மன்டனிலிருந்து அத்தான் வாட்ஸ்அப்பில் பதினொரு படங்கள் அனுப்பியிருந்தார். எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்தவை. பெரிய கண்ணாடிக் கூரை, அதற்குள் தென்னைகள், அலை அடிக்கும் தடாகம், மூன்று மாடி உயரத்திலிருந்து சுருண்டு இறங்கும் சறுக்குக் குழாய்கள். ஒரு மூலையில் வெள்ளைத் துவாய் சுற்றிக்கொண்டு கண்மூடிக் கிடக்கிறாள் ஒரு வெள்ளைக்காரி. கடைசிப் படத்துக்குக் கீழே "பாசிக்குடா, மட்டக்களப்பு" என்று எழுதியிருந்தது. அப்புறம் ஏழு நிமிட வொய்ஸ். அவரும் நாலு கூட்டாளிமாரும் சேர்ந்து காசு போடப் போகிறார்களாம். கிழக்கிலேயே முதல் உள்ளரங்க நீர்ப்பூங்கா, கூடவே ஸ்பா ஹோட்டல். "மச்சான், நீதானே வெளிநாட்டுல இந்த வேல செஞ்சவன், என்ன நினைக்கிறாய் எண்டு சொல்லு."

நான் வொய்ஸ் போட்டால் அவர் பாதியில் ஓட்டிவிடுவார். அதனால் இங்கே எழுதுகிறேன், அவரிடம் சொல்லிவிட்டுத்தான். இதே ஆசையோடு இன்னும் சிலர் ஊரில் காணி பார்த்துத் திரிகிறார்கள் என்றும் கேள்வி.

ஒன்பது வருடம் வளைகுடாவில் ஒரு ஹோட்டலின் உள்ளரங்கத் தடாகங்களுக்குக் கீழே, மெஷின் அறையில் வேலை செய்தேன். ஹோட்டலின் பெயர் வேண்டாம். மேலே பிள்ளைகள் கத்துகிற சத்தம் குழாய் வழியாகக் கேட்கும், கீழே எங்களுக்கு பம்பும் பில்டரும். அங்கே நான் படித்த முதல் பாடம், உள்ளரங்கத் தடாகத்தில் தண்ணீர் சின்னப் பிரச்சினைதான் என்பது. பெரிய பிரச்சினை காற்று.

ஆட்கள் இறங்கி விளையாடுகிற ஆயிரம் சதுர மீட்டர் தண்ணீரிலிருந்து மணிக்கு ஏறக்குறைய 200 லீட்டர் ஆவியாகிறது. ஒரு நாளைக்கு ஒரு சின்ன பவுசர் தண்ணீர் காற்றில் ஏறுகிறது என்று வையுங்கள். திறந்தவெளியில் அதைக் காற்று கொண்டுபோய்விடும். மூடிய மண்டபத்தில் அது போக இடமில்லாமல் கூரையிலும் கம்பியிலும் கண்ணாடியிலும் உட்காரும். தனியாகவும் உட்காராது, குளோரினோடு சேர்ந்துதான் உட்காரும். தடாகத்துக்குப் பக்கத்தில் மூக்கில் ஏறுகிற அந்த நெடியை "சுத்தமான தண்ணீர் மணக்குது" என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாகும் குளோரமைன். குளிக்காமல் இறங்கியவர்களின் மணம் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

எட்மன்டனில் அத்தான் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற அந்தப் பெரிய மோல் நீர்ப்பூங்கா எப்படி ஓடுகிறது? வெளியே மைனஸ் 20, மைனஸ் 30. அந்தக் காற்றில் ஈரமே கிடையாது. அதை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் மண்டபத்து ஈரத்தைக் குடித்துக்கொண்டு வெளியேறும். செலவு சூடாக்குவதில்தான். மட்டக்களப்பில் வெளிக்காற்றே ஈரத்துணி மாதிரி. வாடைக்காலத்தில் காயப்போட்ட உடுப்பு இரண்டு நாளைக்குக் காயாது. அந்தக் காற்றை உள்ளே எடுக்குமுன் ஏசியால் குளிராக்கி, அதிலுள்ள தண்ணீரைப் பிழிந்து, பிறகு திரும்பவும் கொஞ்சம் சூடாக்கி அனுப்ப வேண்டும். தடாகத் தண்ணீரைவிட மண்டபத்துக் காற்று ஒன்றிரண்டு பாகை கூட இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆவியாவது இன்னும் கூடும். ஆக, குளிராக்கவும் காசு, சூடாக்கவும் காசு. அத்தானின் பதினொரு படத்தில் ஒன்றிலாவது இந்த மெஷின்களுக்கு ஓர் அறை வரைந்திருக்கிறார்களா என்று தேடினேன். இல்லை. ஸ்பாவில் மெழுகுதிரி மட்டும் எட்டு இருந்தது.

ஒருநாள் விடியற்காலை தடாகத்தைச் சுத்தம் செய்யும்போது அடியில் ஒரு போல்ட் தலை கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். உடைந்த முகத்தில் கறுப்புக் கோடுகள் மரவேர் மாதிரி ஓடியிருந்தன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துருவே பிடிக்காது என்று வாங்கிய சாமான். நிமிர்ந்தால் எட்டு மீட்டர் உயரத்தில் காற்றுக்குழாயைத் தாங்கும் கம்பி ஒன்று லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை ரிஷுவால் துடைத்து மேசை லாச்சிக்குள் போட்டார். ஒன்பது மணிக்கு வழக்கம்போல் தடாகம் திறந்தது.

பிறகுதான் சுவிற்சர்லாந்தின் ஊஸ்டர் நகரத்தில் நடந்ததை வாசித்தேன். 1985 மே மாதம் ஓர் உள்ளரங்க நீச்சல் தடாகத்தின் கொங்கிரீட் உட்கூரை அப்படியே விழுந்து 12 பேர் செத்தார்கள். அதைத் தாங்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளைக் குளோரினிலிருந்து வரும் குளோரைடு உப்பு உள்ளுக்குள்ளே கீறல் விட வைத்திருந்தது. அங்கே கடலே இல்லை. நமக்கோ கடல் உப்பும் சேர்ந்து வரும். மட்டக்களப்பின் கடலோரக் கல்லடியில் ஒரு ஜன்னல் கம்பி எத்தனை வருடம் தாங்கும் என்று எந்த மேசனைக் கேட்டாலும் சொல்லுவான்.

கூரை என்றதும் அப்பா ஞாபகம் வருகிறது. 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பற்றி அவர் சொல்லும்போது, பறந்த தகரங்களை எண்ணிக்கொண்டே சொல்லுவார். கண்ணாடிக் கூரை வேண்டும் என்கிறவர்கள் அந்த இரவைக் கண்ட ஒருவரிடம் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வரட்டும். மின்சாரம் இன்னொரு கதை. 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த 13 மணித்தியாலமும் மூடிய மண்டபத்தில் ஈரம் இழுக்கும் மெஷின் நின்றால் சுவரெல்லாம் அழும். ஜெனரேட்டர் போடலாம். டீசலுக்கு எங்கே வரிசையில் நின்றோம் என்பதையும் மறக்கக் கூடாது.

"ஜேர்மனியில ஓடுதே" என்பார் அத்தான். ஓடுகிறதுதான். பேர்லினுக்குத் தெற்கே, ஆகாயக் கப்பல் கட்டுவதற்காக எழுப்பிய 360 மீட்டர் நீள மண்டபத்துக்குள் ஓர் உள்ளரங்க நீர்ப்பூங்காவை 2004இல் திறந்தார்கள். கப்பல் கம்பெனி வங்குரோத்தாகி, கட்டி முடிந்த மண்டபம் சும்மா கிடந்தது. வெளியே அரை வருடம் குளிர். நமக்குப் பொருந்துகிற உதாரணம் ஜப்பானின் மியாசாக்கி. அங்கே ஓஷன் டோம் என்று திறந்து மூடும் கூரையோடு, செயற்கைக் கடற்கரையும் செயற்கை அலையும் வைத்து 1993இல் திறந்தார்கள். நிஜக் கடற்கரை சில நூறு மீட்டரில் இருந்தது. 2001இல் நடத்திய கம்பெனி விழுந்தது, 2007இல் டோமை மூடினார்கள்.

பாசிக்குடாவில் கடல் எப்படி என்று நமக்குத் தெரியும். இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டே போகலாம். அதற்குப் பக்கத்தில் கோடிக்கணக்கில் போட்டு, ஆழமில்லாத அமைதியான தண்ணீரைச் செய்து வைப்பதா? வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும், ஹோட்டல்கள் வெறிச்சோடும், அப்போது உள்ளரங்கம் உதவும் என்பது அத்தானின் வாதம். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மாதங்களில் வீதியே வெள்ளத்தில் கிடக்கும். வெள்ளைக்காரி எதில் வருவாள், தோணியிலா?

தண்ணீர் பற்றி நீட்டவில்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மணலுக்குள் நிற்கிற நல்ல தண்ணீர் மெல்லிய படலம். இழுத்தால் உப்பு ஏறும். பில்டர் கழுவிய தண்ணீரை வாவிக்குள் விடவும் முடியாது. 99 அறைக்கு மேல் ஹோட்டல் என்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும். கடலிலிருந்து 300 மீட்டருக்குள் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் கட்டலாம் என்று யாராவது சொன்னால் அவரோடு தேத்தண்ணி குடிக்கலாம், கொந்தராத்துக் கொடுக்கக் கூடாது.

ஸ்பாவுக்கு ஒரே ஒரு தொழில் ரகசியம். எண்ணெய் பூசிய உடம்போடு விருந்தாளியைத் தடாகத்துக்குள் விட்டால் பில்டர் மணல் களியாகிவிடும். வெந்நீர்க் குளியல் வேண்டுமென்றால் அம்பாறை மாவட்டத்திலேயே மகா ஓயாவில் வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன, சிலதில் கை வைக்க முடியாது. நிலம் சும்மா கொடுக்கிற சூட்டுக்கு இங்கே கரண்ட் பில் கட்டத் தேவையில்லை.

இவ்வளவையும் எழுதி, "வேண்டாம் அத்தான்" என்று முடித்து அனுப்பத்தான் இருந்தேன். அதற்குள் அவரின் வொய்ஸைத் திரும்பக் கேட்டேன். நாலாவது நிமிடத்தில் பின்னால் அக்காவின் குரல். சட்டி கழுவுகிற சத்தத்துக்கு நடுவில் சொல்கிறா: "டேய், நான் இப்ப நீந்துவன் தெரியுமா? கிழமையில ஒருநாள் பொம்பிளையளுக்கு மட்டும் விடுறாங்க."

அக்காவுக்கு 51 வயது. 2004க்குப் பிறகு கடற்கரைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவ. சுனாமியில் நாவலடியில் அவவின் இரண்டு சினேகிதிகள் போனார்கள். கனடாவில் நாலு சுவருக்குள், பெண்கள் மட்டும் இருக்கிற தண்ணீரில், நெஞ்சளவு ஆழத்தில் நின்று மூச்சு விடப் பழகியிருக்கிறா.

யோசித்துப் பார்த்தேன். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் பிறந்து வளர்ந்த குடும்பம் எங்களுடையது. ஆண்கள் எல்லோரும் வாவியில் குதித்து நீந்தப் பழகியவர்கள். பெண்களில் அக்காதான் முதல் ஆள், அதுவும் பனி நாட்டில். என் மகளுக்குப் பதினாலு வயது, பாசிக்குடாவுக்குப் போனால் சுடிதாரோடு முழங்கால் வரை நனைந்துவிட்டு வருகிறாள். அதற்கு மேல் போனால் யாராவது போனைத் தூக்கிப் பிடிக்கிறான். காத்தான்குடியிலும் கல்முனையிலும் இருக்கிற என் கூட்டாளிமாரின் வீடுகளிலும் இதே கதை. அப்போ நம் ஊருக்கும் கூரையும் சுவரும் தேவைதான், குளிருக்காக இல்லாவிட்டாலும்.

ஆகவே அத்தான், என் திட்டம் இது. 25 மீட்டர் நீளத்தில் ஒரு தடாகம், பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஆழமில்லாத தொட்டி ஒன்று. அந்தத் தொட்டித் தண்ணீர் மணிக்கு ஒரு தடவையாவது முழுசாகப் பில்டருக்குள் போய் வர வேண்டும், அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆள் உயரத்துக்கு மேல் சுவர். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இரண்டு மீட்டர் இடைவெளி, கச்சான் காற்றும் வாடைக்காற்றும் வந்து ஈரத்தைச் சும்மா எடுத்துக்கொண்டு போகட்டும். கொங்கிரீட் தூணில் சூறாவளிக்குத் தாங்குகிற ஓட்டுக் கூரை. ஒரு சறுக்கு வேண்டுமானால் வைக்கலாம், உங்கள் பிள்ளைகள் வந்தால் கேட்பார்கள். கிழமையில் நாலு நாள் பெண்களுக்கு, பழக்குவதும் காவல் நிற்பதும் நம் ஊர்ப் பெண்களே. பருத்திச் சுடிதாரோடு இறங்கவிடக் கூடாது, நூல் பில்டரை அடைக்கும். நைலோனில் முழுக்கை உடுப்புத் தைத்து வாடகைக்குக் கொடுக்கலாம். இடம் பாசிக்குடா வேண்டாம், பஸ் நிற்கிற வீதியோரம் வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை ஓட்டோக் காசு இல்லாமல் வந்து போக வேண்டும்.

இதில் வெள்ளைத் துவாய்க்காரி வரமாட்டாள். லாபமும் அந்தப் பதினொரு படத்தில் தெரிகிற மாதிரி வராது. ஆனால் கரண்ட் பில் வருகிற அன்று நீங்கள் எனக்கு அழுது வொய்ஸ் போடவும் மாட்டீர்கள்.

இதன் முதல் வடிவத்தை நேற்றிரவே இருவருக்கும் அனுப்பிவிட்டேன். அத்தானுக்கு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை. அக்கா மட்டும் ஒரு வரி போட்டிருக்கிறா: "கல்லடியிலயா, களுவாஞ்சிகுடியிலயா?"