மிண்டனாவோவின் நிலத்தைப் பற்றிப் பேசுங்கள்

வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் ஒருவர், பிலிப்பைன்ஸின் தெற்குத் தீவான மிண்டனாவோ பற்றிப் போட்ட வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நண்பர்கள் பலர் இன்பாக்ஸில் அனுப்பியபோதுகூட "பார்த்தேன், விடுங்க" என்று பதில் போட்டுவிட்டேன். ஆனால் நேற்று அவர் விளக்கம் தருவதாக இன்னொரு வீடியோ போட்டு, முதலில் சொன்னதையே இன்னும் உறுதியாகச் சொல்லியிருக்கிறார். கீழே எத்தனை பேர் "சரியா சொன்னீங்க சார்" என்று எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அவர் சொன்னது இதுதான். மிண்டனாவோவில் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் காலங்காலமாக மதச்சண்டையாம். அங்குள்ள டவா நகரில் மருத்துவம் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு, "அந்தப் பக்கத்து ஆட்களோடு" பழகாமல் இருந்தால் பத்திரமாம்.

நான் டவாவில் மருத்துவம் படித்தவள். அந்தப் பக்கத்து ஆட்கள் என் வகுப்பில் இருந்தார்கள். அதனால் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மிண்டனாவோவின் சண்டை நிலத்தில் தொடங்கியது. யார் உழுதார்கள், யார் பெயரில் பட்டா போட்டார்கள், யார் மலைக்கு ஏறினார்கள், யார் சமவெளியில் வந்து உட்கார்ந்தார்கள் என்பதில் தொடங்கியது. மதத்தை அப்புறம் பேசலாம்.

ஸ்பெயின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பிலிப்பைன்ஸை ஆண்டது. ஆனால் தெற்கே மகிண்டனாவோ, சூலு என்ற முஸ்லிம் சுல்தான்களின் நாடுகளை அதனால் முழுதாக அடக்க முடியவில்லை. அடக்க முடியாத அந்த நிலத்தையும் சேர்த்துத்தான் 1898இல் பாரிஸ் ஒப்பந்தத்தில் 2 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. அங்கே இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1903இல் அமெரிக்க நிர்வாகம் ஒரு சட்டம் போட்டது. அரசின் அனுமதி இல்லாமல் சுல்தான்களும் டத்துகள் என்ற குலத்தலைவர்களும் கொடுத்த நிலம் எதுவும் செல்லாது. அதே ஆண்டில் இன்னொரு சட்டம், காகிதம் இல்லாத நிலத்தைப் பொது நிலமாக்கி, குடியேற வருபவர் 16 ஹெக்டேர் வரை கேட்கலாம், நிறுவனம் என்றால் 1,024 ஹெக்டேர் வரை எடுக்கலாம் என்றது. பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து அதே மண்ணில் விதைத்தவர்களிடம் காகிதம் எங்கே இருக்கும்? 1919இல் வந்த சட்டம் குடியேறுபவருக்கு 24 ஹெக்டேர், "கிறிஸ்தவர் அல்லாதவருக்கு" 10 ஹெக்டேர் என்று எழுதியே வைத்தது. 1936இல் அந்த 10 ஹெக்டேரும் 4 ஆகக் குறைந்தது.

"பார்த்தீர்களா, சட்டத்திலேயே மதம் இருக்கிறதே" என்று இந்த இடத்தில் ஒருவர் நிச்சயம் வருவார். இருக்கிறது. எதற்காக இருக்கிறது என்று பாருங்கள். யாருக்கு எத்தனை ஹெக்டேர் என்று பிரிப்பதற்காக. சண்டையின் பொருள் நிலம்தான்.

1913இலிருந்தே அரசு வடக்கிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து மிண்டனாவோவின் கோத்தபாட்டோவில் குடியேற்றத் தொடங்கிவிட்டது. 1939இல் ஜெனரல் பவுலினோ சாந்தோஸ் தலைமையில் கொரோனடல் பள்ளத்தாக்குக் குடியேற்றம். இன்றைய ஜெனரல் சாந்தோஸ் நகரம் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1950களில், வடக்கே லூசோன் தீவில் நிலத்துக்காக ஆயுதம் ஏந்திய ஹுக் போராளிகளில் சரணடைந்தவர்களுக்கும் மிண்டனாவோவில்தான் நிலம் கொடுத்தார்கள். லூசோன், விசாயாஸ் பக்கத்துப் பெரிய பண்ணையார்களின் நிலத்தைத் தொடாமல், அங்கே நிலமில்லாதவர்களைத் தெற்கே அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது அந்தத் தீவில் பெரும்பான்மையாக இருந்த முஸ்லிம்கள், நூற்றாண்டு முடியும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இது எந்தக் குர்ஆனிலிருந்தும் எந்த பைபிளிலிருந்தும் வரவில்லை. அரசாங்க அலுவலகத்திலிருந்து வந்தது.

வந்தவர்களைக் குற்றம் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா அப்படி வந்தவரின் மகள்தான். நாங்கள் எல்லோரும் அவரை நானாய் (அம்மா) என்றுதான் கூப்பிடுவோம், அவர் என்னை இண்டாய் (பெண்ணே) என்பார். அவருடைய அப்பா பனாய் தீவில் கரும்புக் கூலி. கப்பலில் வந்து இறங்கி, ஆள் உயரக் கோகோன் புல்லை வெட்டி, மலேரியாவில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்து, கொரோனடலில் நெல் போட்டவர். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நானாயிடம் கேட்டேன், அந்த நிலத்தில் அதற்கு முன்னால் யாராவது இருந்தார்களா என்று. "காலி நிலம் என்றுதான் அப்பாவிடம் சொன்னார்கள், இண்டாய். ஆனால் மலையிலிருந்து பிலான் என்ற ஆதிகுடி ஆட்கள் தேனும் கிழங்கும் கொண்டு வருவார்கள். கீழே இருந்தவர்கள்தான் மேலே போயிருக்கிறார்கள் என்று நான் பெரியவளான பிறகுதான் புரிந்தது" என்றார். 1971இல் கிறிஸ்தவர்களின் இலாகா ஆயுதக் கும்பலும் முஸ்லிம்களின் கருஞ்சட்டை ஆயுதக் கும்பலும் மாறி மாறி ஊர்களைக் கொளுத்தியபோது, அவர்கள் குடும்பம் பக்கத்து வீட்டு மகிண்டனாவோ முஸ்லிம் குடும்பத்தோடு சேர்ந்து பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிறது. யாருக்கு யார்மேல் பயம் என்றே தெரியாது என்பார்.

நானாய் கெட்டவரா? அவருடைய அப்பா கொள்ளைக்காரரா? இல்லவே இல்லை. பசிக்கு வந்தவர். பசித்தவர் இருவரை ஒரே நிலத்தில் எதிரெதிராக நிறுத்தியவர்களைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். வீடியோக்காரர் அவர்களைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

அதே 1971 ஜூனில் கார்மென் ஊருக்குப் பக்கத்தில் மனிலி கிராமத்தில், சமாதானக் கூட்டம் என்று மசூதிக்கு வரச் சொல்லி எழுபது பேர் அளவுக்குக் கொன்றார்கள். அதற்கு முன் 1968இல் கொரெஹிடோர் தீவில் ரகசியப் பயிற்சிக்கு அழைத்துச் சென்ற முஸ்லிம் இளைஞர்களை ராணுவமே சுட்டது. 1972இல் அதிபர் மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்ததும் நூர் மிசுவாரியின் மோரோ (அங்குள்ள முஸ்லிம்களுக்கான பொதுப்பெயர்) தேசிய விடுதலை முன்னணி முழுப் போரில் இறங்கியது. 1974இல் சூலுவின் ஹோலோ நகரமே எரிந்தது. 1976இல் திரிப்போலி ஒப்பந்தம், 1996இல் இன்னொன்று, 2014இல் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியோடு இன்னொன்று. ஐந்நூறு ஆண்டு மதவெறியாக இருந்தால் எதைப் பேசி எதில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்? மூதாதையர் நிலம், அதன் வருமானம், அதை ஆளும் உரிமை, இவைதான் ஒவ்வொரு முறையும் மேசைமேல் இருந்தவை. 2008இல் ஒப்பந்தம் உடைந்ததும் மூதாதையர் நிலம் என்ற அத்தியாயத்தில்தான். அதில் கையெழுத்துப் போட உச்ச நீதிமன்றம் தடை விதித்தவுடன் மறுபடி துப்பாக்கிச் சத்தம், மறுபடி லட்சக்கணக்கில் அகதிகள்.

சரி, மிண்டனாவோவின் முஸ்லிம் நகரமான மராவிக்கு வருகிறேன். அவர் வீடியோவில் ஓடவிட்டது மராவி படங்கள்தான், அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

என் வகுப்புத் தோழி மரனாவ் பெண், மராவி பக்கத்து முஸ்லிம் இனத்தவள். ஊரிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு பாட்டிலில் பாலாபா கொண்டு வருவாள். சகுராப் வெங்காயம், இஞ்சி, மிளகாய் போட்டு இடித்தது. ஊறுகாய் தீர்ந்துபோன நம் பிள்ளைகள் அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டு உயிர் வாழ்ந்தோம். 2017 மே 23 அன்று மராவியில் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) ஆதரவு ஆயுதக் குழுக்களுக்கும் ராணுவத்துக்கும் சண்டை தொடங்கியது. ஐந்து மாதம் ஓயவில்லை. அவள் குடும்பம் பக்கத்து நகரமான இலிகானில் உறவினர் வீட்டில் முப்பது பேரோடு ஒரே கூடத்தில், அவள் டவாவில் பரீட்சை ஹாலில். அந்த நேரத்தில்தான் அவள் தங்கியிருந்த இடத்தில் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். காரணம் சொல்லவில்லை. தலையில் துணி கட்டியிருந்த எல்லோருக்கும் அதே பதில். இவள் கையில் தம்பியின் போன், தொலைக்காட்சியில் தன் தெரு எரிகிறது. அந்த வாரம் அவள் எங்கள் அறையில்தான் படுத்தாள். நானாய் எதுவும் கேட்காமல் இன்னொரு பாய் எடுத்துக் கொடுத்தார். கொரோனடல் கிறிஸ்தவப் பெண்மணி, கேட்டுக்கொள்ளுங்கள்.

சண்டையில் அழிந்த மையப்பகுதியின் 24 பரங்காய்களில் (ஊர்ப்பிரிவுகளில்) ஒன்றில்தான் அவள் வீடு. சண்டை முடிந்து ஆண்டுகள் ஆகியும் அந்த மக்களைக் குடியேற விடவில்லை. 2022இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது, நல்லது. ஆனால் வீடு உன்னுடையதுதான் என்று நிரூபி என்கிறார்கள். வீட்டோடு பத்திரமும் எரிந்துவிட்டது. அதோடு மராவியில் பெரிய பகுதி, 1953இல் அரசு ராணுவத்துக்கென்று ஒதுக்கிய நிலம். தலைமுறைகளாக அங்கே குடியிருந்தவர்கள் காகிதத்தில் ராணுவ நிலத்தில் குடியிருப்பவர்கள். 1903 எங்கே முடிந்தது, சொல்லுங்கள்? மறுபடியும் நிலம், மறுபடியும் காகிதம்.

"ஐஎஸ் கொடி ஏற்றினார்களே, கிறிஸ்தவர்களைப் பிடித்துக் கொன்றார்களே, அதை ஏன் பேசவில்லை?" பேசுகிறேன். கொன்றார்கள். பாதிரியாரைப் பிணைக்கைதியாக வைத்திருந்தார்கள். 2019 ஜனவரியில் ஹோலோ தேவாலயத்தில் குண்டு வைத்து இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். 2016 செப்டம்பரில் டவா இரவுச் சந்தையில் குண்டு வெடித்தபோது நானே அந்த ஊரில்தான் இருந்தேன், அம்மா விடியவிடிய போன் செய்துகொண்டிருந்தார். அபு சயாப் தீவிரவாதக் குழுவை எனக்கு யாரும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டாம். ஆனால் அதே மராவியில் முன்னாள் துணை ஆளுநர் நொரொடின் அலோன்டோ லுக்மான் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்களைத் தன் வீட்டில் ஒளித்து வைத்து, ஜூன் தொடக்கத்தில் நடந்தே வெளியே கூட்டி வந்தார். கிறிஸ்தவப் பெண்களுக்குத் தலைத்துணி கட்டி அனுப்பியவர்களும் முஸ்லிம்கள்தான். கொன்றவனின் மதம் செய்தி என்றால், காப்பாற்றியவரின் மதமும் செய்தியாக வேண்டும். அந்த வீடியோவில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது.

இன்னொன்று. 2009 நவம்பர் 23 அன்று மகிண்டனாவோ மாகாணத்தில் 58 பேரைக் கொன்று புதைத்தார்கள். அதில் 32 பேர் ஊடகத்துறையினர். தேர்தல் மனு தாக்கல் செய்யப் போனவர்களை வழிமறித்தது அம்பாத்துவான் குடும்பத்து ஆட்கள், குறி மங்குடடாத்து குடும்பம். இரண்டும் முஸ்லிம் குடும்பங்கள். இதை எந்த மதச்சண்டைக் கணக்கில் சேர்ப்பார்? அங்கே ரிடோ என்று குடும்பப் பகை உண்டு, தலைமுறை தாண்டி ஓடும். அதற்கும் பெரும்பாலும் காரணம் நிலமோ பதவியோதான்.

"நீ டாக்டர், அரசியல் எதற்கு" என்று ஒருவர் ஏற்கெனவே எழுதிவிட்டார். ஐயா, அந்த வீடியோ போட்டவர் அட்மிஷன் ஏஜென்ட். அவரிடம் நீங்கள் இதைக் கேட்கவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு வலிப்பது, அவர் கணக்கில் இரண்டே இரண்டு மக்கள் இருப்பதுதான். மனோபோ, பிலான், திபோலி, சுபானென், தெதுராய், ஹிகாவோனோன் என்று எத்தனையோ ஆதிகுடிகள், எல்லோரையும் சேர்த்து லுமாட் என்பார்கள். சுல்தான்களுக்கும் முந்திய மக்கள். இரண்டு மதச் சண்டை என்று சொன்னவுடன் இவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். புகிட்னோனில் 1926இலிருந்து அன்னாசித் தோட்டம், போலோமோலோக்கில் 1963இலிருந்து இன்னொரு அன்னாசித் தோட்டம், டவாவைச் சுற்றி கண்ணுக்கு எட்டிய தூரம் வாழை. அதற்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள் யார்? தம்பாகானில் செம்பும் தங்கமும் இருப்பதாகத் தெரிந்த நாளிலிருந்து பிலான் மக்களுக்கு நிம்மதி இல்லை. 2012 அக்டோபரில் சுரங்கத்தை எதிர்த்த குடும்பத்தில் ஒரு தாயையும் இரண்டு சிறுவர்களையும் ராணுவத்தினர் சுட்டுக் கொன்றார்கள். 2015 செப்டம்பர் 1 அன்று லியாங்காவில், லுமாட் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய எமெரிட்டோ சமார்காவை அந்தப் பள்ளிக்குள்ளேயே கொன்று போட்டார்கள். இரண்டு மனோபோ தலைவர்களை ஊர் மக்கள் கண் முன்னே சுட்டார்கள். புதிய மக்கள் படை என்ற கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு ஆள் சேர்க்கும் பள்ளி என்று முத்திரை குத்தி 2019இல் அப்படிப்பட்ட 55 பள்ளிகளை மூடவும் செய்தார்கள்.

டவாவில் அகதிகளாகத் தங்கியிருந்த மனோபோ குடும்பங்களுக்கான மருத்துவ முகாமுக்கு மாணவியாகப் போயிருக்கிறேன். குழந்தைகள் எல்லோருக்கும் சிரங்கு, இருமல். மருந்து எழுதிக்கொடுத்து முடித்ததும் ஒரு தாய் பிசாயா மொழியில் கேட்டார், நோட்டுப் புத்தகம் கிடைக்குமா என்று. மருந்து கேட்கவில்லை, அரிசி கேட்கவில்லை. பள்ளியை மூடிவிட்டார்கள், பிள்ளை எழுத்தை மறந்துவிடும் என்றார். எங்களிடம் மருந்துச் சீட்டு மட்டும்தான் இருந்தது. பின்பக்கம் வெற்றாக இருந்த சீட்டுகளைக் கட்டாகக் கொடுத்தோம். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது. அந்தக் குழந்தை எந்த மதம் என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது?

2019 வாக்கெடுப்புக்குப் பிறகு பங்சமோரோ என்ற தன்னாட்சிப் பகுதி வந்தது. நாற்பது ஆண்டு காட்டில் இருந்த மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணித் தலைவர் முராட் இப்ராஹிம் முதல் இடைக்கால முதலமைச்சர் ஆனார். 2024இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் சூலு அதிலிருந்து வெளியே போனது. குறைகள் நிறைய. தெதுராய் மக்கள் அந்த அரசிடமே தங்கள் மூதாதையர் நிலத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நேற்றுவரை ஒடுக்கப்பட்டவர்கள் என்பதற்காக மோரோ தலைவர்களுக்கு இதில் சலுகை கிடையாது. ஆனாலும் துப்பாக்கியை வைத்துவிட்டுப் பேச உட்கார்ந்த மனிதர்களைப் பார்த்து "அவர்கள் பிறவியிலேயே அப்படி" என்று ஒருவர் இங்கே உட்கார்ந்து சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

பிள்ளையை அனுப்பலாமா என்று கேட்ட பெற்றோருக்கு: சூலு, பாசிலான் பக்கம் சுற்றிப் பார்க்கப் போகாதே என்று சொல்லுங்கள், தவறில்லை. கல்லூரியின் அங்கீகாரத்தை நீங்களே சரிபாருங்கள், ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். பக்கத்துப் பெஞ்சு மரனாவ் பெண்ணிடம் பேசாதே என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்.

என் தோழிக்கு இந்தப் பதிவைப் படித்து மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறேன், அவள் சம்மதத்தோடுதான் அவள் கதையை எழுதினேன். கருத்துப் பெட்டியில் என்னைத் திட்டுங்கள், பதில் சொல்கிறேன். அவளையோ அவள் மதத்தையோ இழுத்தால் நீக்கிவிடுவேன், அதில் விவாதம் கிடையாது.