பட்டுவாடா நோட்டுல மருமக பேரு மட்டும் ஏன் இல்ல?

தை மாசம் கல்யாண மாசம். ஸ்ட்ராபெரித் தோட்டத்துக்கோ தை மாசம்தான் அறுவடை உச்சம். மறுவீடு முடிஞ்சு வந்த பொண்ணு, கழுத்துல மஞ்சக் கயிறு ஈரம் காயறதுக்குள்ள பாத்திக்கு நடுவுல குனிஞ்சு நிக்கிறா. கேட்டா, "சும்மா கூடமாட ஒத்தாசைக்கு வர்றா"ங்கிறாங்க. வயிறு எரியுது. ஆனேக்கல், சர்ஜாபுரம், ஒசகோட்டைன்னு பெங்களூரைச் சுத்தித் தோட்டம் துரவோட இருக்கிற நம்ம தமிழ்க் குடும்பங்கள்ல இதை இன்னும் எத்தனை காலம் கேட்டுக்கிட்டு இருக்கிறது?

சும்மாவா? அந்தச் சும்மா வேலையை ஒரு நாள் நீங்க செஞ்சு பாருங்க.

பழத்தைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. பழத்துக்கு மேல ஒரு சென்டிமீட்டர் காம்பு விட்டு, கட்டை விரல் நகத்தால கிள்ளணும். இழுத்தா தலையில இருக்கிற பச்சை இலை பிஞ்சு வந்துடும், அந்தக் காயத்துல சாறு கசியும், சாம்பல் பூஞ்சை அங்கேதான் உக்காரும். கையில மூணு நாலு பழத்துக்கு மேல சேக்கக் கூடாது, அடியில இருக்கிறது நசுங்கிடும். பனி ஈரம் காய்ஞ்சிருக்கணும், வெயிலும் ஏறியிருக்கக் கூடாது. ஈரத்தோட டப்பாவுல மூடினா பூசணம், சூட்டோட மூடினா மறுநாளே கொழகொழன்னு ஆயிடும். அப்படின்னா காலையில கிடைக்கிறது ரெண்டு மூணு மணி நேரம்தான். அதுக்குள்ள அத்தனை பாத்தியும் முடிக்கணும். முதுகை நிமித்த நேரம் ஏது? பாத்தி உசரமே ஒரு அடிதான்!

இதுல கண்ணு வேலை வேற. ஸ்ட்ராபெரி பறிச்ச பிறகு சிவக்கும், ஆனா இனிப்பு ஏறவே ஏறாது. முக்கால் சிவப்பு வெளியூர் லோடுக்கு, முழுச் சிவப்பு அன்னிக்கே ஊருக்குள்ள போகணும். இலைக்கு அடியில ஒளிஞ்சிருக்கிற ஒரு அழுகலை விட்டுட்டா அடுத்த பறிப்புக்குள்ள பக்கத்துல இருக்கிறதெல்லாம் போச்சு. அழுகலுக்குத் தனி பக்கெட், அதைத் தொட்ட கையால நல்ல பழத்தைத் தொடக் கூடாது. அப்புறம் நிழலுக்குக் கொண்டுபோய், கழுவாம, பெருசு சிறுசு பிரிச்சு, 200 கிராம் டப்பாவுல காம்பு ஒரே பக்கமா அடுக்கி எடை போடணும். மேல அழகான பழம், கீழ அடிபட்ட பழம்னு வெச்சு அனுப்பினா கடைக்காரன் மொத்த லோடையும் திருப்பி அனுப்புவான். அந்தத் திட்டும் அவளுக்குத்தான்.

பொண்ணு படிச்சவங்கிறதால சொட்டுநீர் உரமும் அவ தலையில. கால்சியம் நைட்ரேட்டையும், தழை மணி சாம்பல் சத்து மூணும் சமமா இருக்கிற 19:19:19 உரத்தையும் ஒரே டேங்க்ல கரைச்சா கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து வெள்ளையா படிஞ்சு சொட்டுவாய் எல்லாத்தையும் அடைச்சிடும். அதனால இன்னிக்கு ஒண்ணு, இன்னொரு நாள் இன்னொண்ணு. நடுவுல வெறும் தண்ணி விட்டு, பைப் கடைசி மூடியைத் திறந்து கழுவணும். நம்ம போர் தண்ணி உப்புக்கு ஸ்ட்ராபெரி தாங்கவே தாங்காது, இலை ஓரம் தீஞ்சு போகும். மீட்டர் வெச்சு உப்பு அளவு பார்க்கிறது யாரு? அவதான். அளவு ஏறினா மழைத்தண்ணியைக் கலந்து விடச் சொல்றது யாரு? அவதான். இந்த வேலைக்கு வெளியாள் வெச்சா சூப்பர்வைசர்னு பேரும் மாசச் சம்பளமும் கொடுத்திருப்பீங்க.

சனி ஞாயிறு வந்தா சிட்டியில இருந்து பறிச்சுச் சாப்பிடுற கூட்டம். டிக்கெட் காசு மாமனார் போனுக்குப் போகும், டீயும் சாப்பாடும் மருமக கையில. வந்தவங்க எடுக்கிற ரீல்ஸ்ல புதுப் பொண்ணு மாப்பிள்ளை கூடையோட சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க, அதுக்கும் அவளைச் சேலை மாத்திக்கிட்டு வரச் சொல்வாங்க.

எல்லாத்தையும் விட பயமா இருக்கிறது மருந்து அடிக்கிற விஷயம். செஞ்சிலந்தி வந்துடுச்சு, இலைப்பேன் வந்துடுச்சுன்னு சாயங்காலம் ஸ்பிரேயர் தோள்ல ஏறும். மறுநாள் காலையில அதே பாத்தியில அவ வெறுங்கையோட பறிப்பா. என்ன மருந்து, எத்தனை நாள் காத்திருக்கணும்னு ஒருத்தரும் சொல்றதில்ல. கல்யாணமாகி மூணு மாசத்துல ஒரு பொண்ணுக்குத் தான் உண்டாகியிருக்கிறதே முதல் சில வாரம் தெரியாதுங்க! மருந்து டப்பாவைத் திருப்பிப் பாருங்க, முக்கோணம் இருக்கும். சிவப்புன்னா கடும் விஷம், அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை. பச்சையும் விஷம்தான், அளவுதான் கம்மி. காத்திருக்கிற நாளும் லேபிள்லயே இருக்கு. எந்தப் பாத்தி, எந்த மருந்து, எந்தத் தேதியில இருந்து பறிக்கலாம்னு சாக்பீஸால ஷெட் கதவுல எழுதிப் போட எவ்வளவு நேரம் ஆகும்? மருந்து அடிச்ச சட்டையை அவ துணியோட சேர்த்து ஊறப் போடுறதையாவது நிறுத்துங்க. தனி பக்கெட், தனி தண்ணி, அடிச்சவரே துவைக்கட்டும்.

மதியம் ரெஸ்ட்னு நினைச்சீங்களா? கழிச்ச பொடிப் பழம் ஜாமுக்கு. கிலோவுக்கு முக்கால் கிலோ சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, 105 டிகிரி வர்ற வரைக்கும் கிண்டணும். இந்தப் பழத்துல பெக்டின் கம்மி, அவசரப்பட்டு இறக்கினா ஜாம் ஓடும். ஜாம் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுறதும் அவ, லேபிள்ல இருக்கிறது மாமனார் பேரு.

சர்க்காரும் இதே கண்ணாலதான் பார்க்குது. வேலை பத்தின கணக்கெடுப்புல குடும்பத் தொழில்ல சம்பளம் இல்லாத உதவியாளர்னு தனி வகையே உண்டு, அவளை அதுல தூக்கிப் போடுவாங்க. 2019ல ஆரம்பிச்ச பி.எம். கிசான் உழவர் உதவித்தொகை வருஷத்துக்கு 6,000 ரூபாயும் நிலம் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான். பஹணியில, அதாவது கர்நாடக நிலப் பதிவேட்டுல, மருமக பேரு எந்த வீட்டுல இருக்கு? இந்து வாரிசுரிமைச் சட்டத்தோட 2005 திருத்தம் மகளுக்குப் பூர்வீகச் சொத்துல பங்கு கொடுத்துச்சு. மருமகளுக்குப் புருஷன் வீட்டு நிலத்துல அப்படி ஒரு பிறப்புரிமை கிடையாது. பொறந்த வீட்டுப் பங்கையும் அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துட்டுத்தான் நிறையப் பேர் வர்றாங்க. கும்பகோணத்துக்காரர், வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் 2012ல மாநிலங்களவையில ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தார். நிலம் யார் பேர்ல இருந்தாலும் உழைக்கிற பெண்ணை உழவர்னு ஒத்துக்கிட்டுச் சான்றிதழ் கொடுக்கணும்னு அது சொல்லுச்சு. 2013ல அது காலாவதியாயிடுச்சு. அப்படி ஒரு சான்றிதழ் இருந்திருந்தா இந்த வீட்டு வாசல்ல நாம கத்த வேண்டியிருக்காது.

சட்டம் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். சனிக்கிழமை பறிப்பு ஆளுக்குப் பட்டுவாடா பண்ற நோட்டு இருக்கில்ல, அதுல அவ பேரையும் எழுதுங்க. எத்தனை மணிக்கு இறங்கினா, எத்தனை மணிக்கு ஷெட்டை விட்டா, பறிப்பு எவ்வளவு, பேக்கிங் எவ்வளவுன்னு அவளே எழுதட்டும். வெளியாளுக்கு என்ன கூலியோ அதே கூலி, அவ பேர்ல மட்டும் இருக்கிற பேங்க் கணக்குல போகணும். புருஷனோட சேர்ந்த கணக்கு வேண்டாம், ஏ.டி.எம். கார்டு அவ பர்ஸ்ல இருக்கட்டும். ஜாம் விக்க எடுக்கிற எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உணவுப் பாதுகாப்புப் பதிவையும் உத்யம்ங்கிற சிறுதொழில் பதிவையும் அவ பேர்ல எடுங்க, ஜாம் போடுறது அவதானே. நிலத்துல ஒரு பகுதியைத் தானப் பத்திரமா எழுதிக் கொடுக்க மனசு இருந்தா இன்னும் நல்லது. ஆனா கூலியைத் தள்ளிப் போட அதை ஒரு சாக்கா வெச்சுக்காதீங்க.

"வீட்டுப் பொண்ணுக்குப் போய்க் கூலியா, அசிங்கமா இல்ல?"னு கேக்குற பெரியவங்களுக்கு ஒரே பதில். கூலி வேண்டாம்னா பங்கு கொடுங்க அத்தை. சீசன் முடிஞ்சு மாமா கணக்குப் பார்க்க உக்காரும்போது அவளையும் பக்கத்துல உக்கார வெச்சு, நடுறதுக்கு வாங்கின ரன்னர் செடிக்கு எவ்வளவு, பாத்தி மூடுற மல்ச்சிங் ஷீட்டுக்கு எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு, கையில நின்னது எவ்வளவுன்னு அவ முன்னாடியே கூட்டிப் போட்டு, அவ பங்கை அன்னிக்கே அவ கணக்குல போட்டு விடுங்க.