மையர் என்றால் நகரத் தலைவர் இல்லை

ஜெர்மன் குடும்பப்பெயரான ‘மையர்’ நகர மேயரைக் குறிக்கும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது; அதைத் திருத்த வேண்டும். இரண்டுக்கும் வேர் லத்தீன் ‘மையோர்’ (பெரியவர்) என்பதுதான். ஆனால் ஜெர்மனியில் நகரத் தலைவர் ‘பூர்கர்மைஸ்டர்’. மையர் என்பவர் நிலவுடைமையாளரின் பண்ணையை நிர்வகித்து, குத்தகை வசூலித்துக் கொடுத்த காரியஸ்தர். பிற்காலத்தில் பெரிய குத்தகை விவசாயியையும் அப்படி அழைத்தார்கள். ஊருக்கு ஊர் பண்ணை இருந்ததால்தான் இந்தப் பெயர் இவ்வளவு பரவலாக இருக்கிறது.

யூதக் குடும்பங்களில் இது பெரும்பாலும் ‘ஒளி தருபவர்’ என்னும் பொருளுள்ள ‘மெயிர்’ என்ற எபிரேயப் பெயரிலிருந்து வந்தது. எழுத்தை வைத்து மட்டும் இன்ன வம்சம் என்று முடிவுகட்டவே கூடாது.

வம்சாவளி தேடுவோர் சறுக்குவது எழுத்துக்கூட்டலில். நடுவில் ஈ-ஐ (ei), ஈ-ஒய் (ey), ஏ-ஐ (ai), ஏ-ஒய் (ay) என எப்படி எழுதினாலும் உச்சரிப்பு ஒன்றே. ஈ-ஒய் வடக்கில் அதிகம். கடைசி ‘ஈ’ (e) விடுபட்ட வடிவம் பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும். ஜெர்மன் பேரரசு முழுவதும் குடிமைப் பதிவு (பிறப்பு, திருமணம், இறப்பை அரசே பதிவது) வந்தது 1876-இல்தான். அதற்கு முந்தைய தேவாலயப் பதிவேடுகளில் ஒரே ஆளின் திருமணம் ஒரு வடிவிலும் இறப்பு வேறு வடிவிலும் இருக்கலாம். பெண்கள் ‘மையரின்’ என்று பதிவாகியிருப்பார்கள். அந்த ‘இன்’ பெண்பால் விகுதி, தனிப்பெயர் அல்ல. ஒன்றுபோல் ஒலிக்கும் பெயர்களுக்கு ஒரே எண் தரும் முறையான, 1969-இல் வந்த கொலோன் ஒலிக்குறியீட்டில் எல்லா வடிவங்களுக்கும் 67 என்ற ஒரே எண்தான். அதை வைத்துத் தேடுங்கள்.

வடமேற்கு ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில் கூடுதல் கவனம் தேவை. அங்கே பண்ணை வாரிசான பெண்ணை மணந்து வந்த மாப்பிள்ளை, பண்ணையின் பெயரையே தன் பெயராக ஏற்பது அன்றைய வழக்கம்.