ஊசி போடும் ஓட்டை

2020 ஏப்ரலில் எங்கள் யூனிட்டில் 22 மிஷின்களும் சும்மா நின்றன. திருப்பூரில் யாரைக் கேட்டாலும் அந்த மாதக் கதை ஒன்றுதான். ஐரோப்பாவில் கடைகள் பூட்டு, ஆர்டர் ரத்து, வெட்டி வைத்த பனியன் துணி மேசையிலேயே கிடந்தது. அப்போதுதான் ஊருக்குள் "கவரால் தைக்கலாமா" என்ற பேச்சு கிளம்பியது.

கொரோனா வார்டில் டாக்டரும் நர்சும் தலை முதல் கால் வரை மாட்டிக்கொண்ட அந்தக் கவச உடையைத்தான் சொல்கிறேன். மார்ச் தொடக்கம் வரை நம் நாட்டில் அதைப் பெரிய அளவில் தைத்தவர்கள் இல்லை. மே மாதம் முடிவதற்குள் நாளொன்றுக்கு 4.5 லட்சம் உடைகள் தயாராவதாக மத்திய அரசு அறிவித்தது. மூன்று மாதத்துக்குள்! இதைச் செய்தது பெரிய ஆலைகள் மட்டுமல்ல. கட்டிங் ஓரிடம், தையல் ஓரிடம், செக்கிங், பேக்கிங் வேறிடம் என்று ஜாப் ஒர்க்கில் பழகிய எங்களைப் போன்ற ஊர்களுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. சிங்கர், ஓவர்லாக் மிஷின் ஓட்டும் டெய்லர்களும், துணியை மடித்துக் கொடுக்கும் கைமடிப் பெண்களும் புது வேலையை ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் தைப்பது பாதி வேலைதான். ஊசி இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஓட்டை விழுகிறது. பனியனில் அது கணக்கே இல்லை. கவச உடையில் அந்த ஓட்டை வழியாக நோயாளியின் ரத்தம் உள்ளே போய்விடும். அதனால் தையல் மேல் டேப் வைத்து, சூடான காற்று அடித்து ஒட்ட வேண்டும். அந்த மிஷின் எங்கள் தெருவில் ஒருவரிடமும் இல்லை. மழைக்கோட்டு தைக்கிறவர்களிடம் ஒன்றிரண்டு இருந்தன. கடன் வாங்கி ஒன்று எடுத்தோம். சூடு கூடினால் துணி சுருங்கும், குறைந்தால் டேப் உரிந்து வரும்.

சரி என்று சாம்பிளை கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவுக்கு அனுப்பினோம். தொடக்கத்தில் நாட்டிலேயே இந்தச் சோதனைக்கு இருந்தது அந்த ஓர் ஆய்வகம்தான். செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோடு துணியிலும் தையலிலும் செலுத்திப் பார்ப்பார்கள். எங்கள் துணி பாஸ், தையல் ஃபெயில். கால் இரண்டும் சேரும் இடத்தில் நாலு தையல் சந்திக்கிறது, அங்கேதான் கசிந்தது. அதைச் சரிசெய்யப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் எங்கோ ஒரு நர்ஸ் ரெயின்கோட்டோடு வார்டுக்குள் போயிருப்பாரே என்ற நினைப்பு என்னை விடவில்லை. நாடு முழுவதிலிருந்தும் சாம்பிள்கள் ஒரே வாசலில் குவிந்தன. ஆவடி, குவாலியர் என்று மற்ற ஆய்வகங்களும் பின்னால்தான் சேர்ந்தன.

அப்புறம் நடந்ததுதான் வருத்தம். எல்லோரும் தைத்ததில் சரக்கு தேங்கியது. ஜூன் கடைசியில்தான் ஏற்றுமதிக்கு அனுமதி வந்தது, அதுவும் மாதம் 50 லட்சம் என்ற வரம்போடு. விலை இறங்கியது. எங்களிடம் வாங்கிய ஒருவர் பணத்தை எட்டு மாதம் இழுத்தடித்தார். அடுத்த வருடம் நாங்கள் பனியனுக்கே திரும்பிவிட்டோம்.

வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கும்போது இங்கே எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மலிவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நெருக்கடி வந்தால் எந்த நாடும் தன் மக்களுக்குப் போகத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்கும். நாமும் 2020 ஜனவரி 31 அன்றே கவச உடை ஏற்றுமதியைத் தடை செய்தோமே.

அரசு மருத்துவமனைகளுக்குக் கவுனும் மாஸ்க்கும் வருடம் முழுக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்குவதில் ஒரு சிறு பங்கை இங்குள்ள சிறு யூனிட்டுகளுக்குச் சுழற்சி முறையில் கொடுக்கலாம். வருடத்துக்கு ஒரு முறை சாம்பிள் தைத்துச் சோதனைக்கு அனுப்பச் சொல்லலாம். டேப்பும் துணியும் கொஞ்சம் கையிருப்பில் இருக்கட்டும். பணம் 30 நாளில் வரட்டும். இவ்வளவு இருந்தால் கைப்பழக்கம் போகாது.

போன வாரம் அந்த டேப் மிஷினின் உறையை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். சூடு ஏறுகிறது. அன்று அதை ஓட்டிய அக்கா இப்போது பேட்லாக் தையல் மிஷினில் இருக்கிறார். கால் சேரும் இடத்தில் டேப்பை எப்படித் திருப்ப வேண்டும் என்று எங்கள் யூனிட்டில் இன்றும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.