“மென்பொருள்தானே, பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில், பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவங்களில் வைக்கப்படும் மின்னணுத் தராசுகளுக்கு நிரல் எழுதுவது என் தொழில். இந்தத் தொழிலில் என்னைக் கொதிக்க வைப்பது தராசும் அல்ல, நிரலும் அல்ல. “மென்பொருள்தானே, இப்போதைக்குக் கொடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்ற அந்த ஒரு வசனம்தான். பெட்டியின் நிறத்தைப் பற்றியும் திரையில் தெரியும் எழுத்தின் அளவைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள், உள்ளே ஓடுகிற நிரலைச் சோதிப்பதற்கு அவகாசம் கேட்டவுடன் இந்த வசனத்தைச் சொல்லிக் கூட்டத்தை முடித்துவிடுகிறார்கள்.

எப்போது மாற்றுவது? யார் மாற்றுவது? கைப்பேசியில் இருக்கும் செயலியில் பிழை என்றால் இரவோடு இரவாக இணையத்தின் வழியே புதிய பதிப்பை அனுப்பிவிடலாம். டிக்கோயாவுக்கு மேலே, மலை மறைப்பில், சிக்னல் எட்டாத ஒரு டிவிசனின் (தோட்டப் பிரிவின்) மடுவத்தில் மழைக்குப் பயந்து இறுக மூடப்பட்டிருக்கும் பெட்டிக்குள் அதை எப்படி அனுப்புவது? ஒருவர் மடிக்கணினியையும் கேபிளையும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், பெட்டியைத் திறக்க வேண்டும், எடை சரிபார்த்து இட்ட முத்திரையை உடைத்தால் அதை மறுபடி பெற வேண்டும், பிறகு அடுத்த டிவிசனுக்கு நடக்க வேண்டும். அதற்கான செலவை ஒப்புக்கொள்ள யாரும் முன்வருவதில்லை என்பதால், “பிறகு” என்பது நடைமுறையில் வருவதே இல்லை. அதுவரை ஒவ்வொரு நாளும் பிழையான எடைதான் செக்றோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்.

இந்தப் பிழை எவ்வளவு சின்னதாகத் தொடங்குகிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். திருத்துவதற்காக என்னிடம் வந்த ஒரு நிரலில், கிராமில் கிடைத்த எடையை ஆயிரத்தால் வகுத்துக் கிலோவாக்கி, அந்தக் கிலோவைச் சேமிக்கும் ஒரு வரி இருந்தது. சி என்ற நிரல் மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மீதி காணாமல் போய்விடும். 5900 ஐ 1000 ஆல் வகுத்தால் விடை 5. ஒரு பெண் காலையில் 6.4 கிலோவும், பகலில் 5.9 கிலோவும், மாலையில் 5.8 கிலோவும் நிறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பறித்தது 18.1 கிலோ. கருவி எழுதியது ஆறும் ஐந்தும் ஐந்தும் சேர்ந்த 16 கிலோ. ஒரு நாளில் பறிக்கும்படி கேட்கும் அளவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். 18 கிலோ கேட்கும் தோட்டத்தில் இந்தப் பெண்ணுக்கு முழுப்பேர் (முழு நாள் சம்பளம்) விழ வேண்டிய நாளில் அரைப்பேர்தான் (அரை நாள் சம்பளம்) விழும். மூன்று எடைகளையும் கிராமிலேயே கூட்டிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு தடவை வகுத்திருந்தால் 18 வந்திருக்கும். ஒரு வரியை இடம் மாற்றுகிற வேலை இது. எழுதியவர் கெட்டவர் அல்லர். மடுவத்தில் ஒரு நாள் நின்று பார்ப்பதற்கு அவருக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை. நான் அதைச் சுட்டிக்காட்டியபோது எனக்குக் கிடைத்த பதிலும் அதே வசனம்தான்.

முள் தராசுக் காலத்திலும் அநியாயம் நடந்தது, ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கிலோக் கணக்கில் கழித்தார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் முள் எங்கே நின்றது என்பதை அந்தப் பெண் தன் கண்ணால் பார்த்தார். கணக்கப்பிள்ளையிடம் வாய்விட்டுக் கேட்டார். இன்று அந்தக் கழிவு நிரலுக்குள் ஒரு எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. கேட்டால் “மெஷின் காட்டுவதுதான் கணக்கு” என்று சொல்லிவிடுகிறார்கள். மெஷின் எதையும் தானாகக் காட்டுவதில்லை. என்னைப் போன்ற ஒருவர் எழுதியதைத்தான் காட்டுகிறது. மடுவத்தில் வரிசையில் நின்ற ஒரு தாயின் பிள்ளையாகிய எனக்கு, இந்தப் பொறுப்பை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இலக்கங்களின் வாலை வெட்டுவது சில்லறைப் பிழை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறேன். 1991 பெப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த அமெரிக்கப் படையின் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு முறைமை, ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. படையினர் 28 பேர் இறந்தார்கள். அதன் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணிக்கொண்டிருந்தது. பத்தில் ஒன்று என்பது இரும எண்முறையில் முடிவில்லாமல் நீளும் பின்னம். அதை 24 பிட்டுக்குள் (24 இரும இலக்கங்களுக்குள்) அடக்க வால் வெட்டப்பட்டது. 100 மணித்தியாலம் நிறுத்தாமல் ஓடியபோது அந்தத் துணுக்குகள் சேர்ந்து மூன்றில் ஒரு நொடி அளவுக்கு வளர்ந்திருந்தன. அந்த நேரத்துக்குள் ஒரு ஸ்கட் அரைக் கிலோமீற்றருக்கு மேல் பறந்துவிடும். பிழை முன்பே தெரிந்திருந்தது, திருத்தமும் தயாராகியிருந்தது. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்த நாள் பெப்ரவரி 26.

வகுத்தலில் வரும் பிழையையாவது மேசையில் உட்கார்ந்து பிடித்துவிடலாம். கொழும்பின் குளிரூட்டிய அறையில் எடைக்கல்லை வைத்துப் பார்த்து “சரியாக இருக்கிறதே” என்கிறவர்களுக்கு மலை என்ன செய்யும் என்பது தெரியாது. நுவரெலியாவில் விடியற்காலைக் குளிருக்கும் உச்சிவெயிலுக்கும் இடையில் எடை உணரியின் பூச்சியம் நகரும்; தராசில் ஒன்றும் இல்லாதபோதே ஒரு சிறிய எண் தெரியும். அந்த நகர்வை மறைப்பதற்கு எளிய வழி, திரையில் சிறிய எண் மெதுவாக ஏறினால் அதைப் பூச்சியமாக்கிவிடும்படி நிரல் எழுதுவது. அப்படி எழுதிவிட்டால், வெறும் தட்டில் யாராவது கொழுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும்போது அதையும் தராசு விழுங்கிவிடும். காற்றில் சாக்கு ஊசலாடும். எடை நிலைக்கும் முன்னரே அவசரத்தில் பொத்தானை அழுத்துவார்கள். தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டும் றோலர் ஓடத் தொடங்கும் கணத்தில் மின்னழுத்தம் விழும்; அந்த நேரம் பார்த்து நினைவகத்தில் எழுதிக்கொண்டிருந்தால் பதிவு பாதியில் அறுந்துவிடும். அதற்குப் பயந்து நொடிக்கொரு தடவை ஒரே இடத்தில் எழுதினாலோ, ஒரு லட்சம் தடவை எழுதும் உத்தரவாதமே உள்ள ஈஈப்ரொம் என்ற நினைவகச் சில்லு 28 மணித்தியாலத்துக்குள் அந்த எல்லையைத் தொட்டுவிடும். இவையெல்லாம் அந்த இடத்தில், அந்தக் குளிரிலும் மழையிலும், கருவியை ஓடவிட்டு மட்டுமே அறியக் கூடியவை.

தராசோடு இது முடிந்துவிட்டாலும் பரவாயில்லை என்பேன். அதே வசனத்தை மழைமானிக்கும் சொல்கிறார்கள். வாளி கவிழும் வகை மழைமானியில், வாளி கவிழும்போது மூடித் திறக்கும் சுவிட்ச் ஒரு தடவைக்குப் பதிலாக இரண்டு மூன்று தடவை துள்ளும். நிரல் அந்தத் துள்ளலை வடிகட்டாவிட்டால் பெய்த மழை இரண்டு மடங்காகப் பதிவாகும். மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் மழை 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருங்கள், 150 ஐத் தாண்டினால் வெளியேறுங்கள் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் நாட்டில், பொய்யான எண்ணைக் காட்டி லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) மக்களை இரவில் எழுப்பினால், அடுத்த தடவை உண்மையாகவே எழுப்பும்போது யார் நம்புவார்கள்? 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடிய பிறகும், மழையை அளக்கும் கருவிக்குப் “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்ல இவர்களுக்கு எப்படி மனம் வருகிறது?

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. தென்மேற்குப் பருவமழை ஒன்று முழுவதும், பழைய முள் தராசுக்குப் பக்கத்திலேயே புதிய தராசு தொங்க வேண்டும். இரண்டு எடைகளும் எழுதப்பட்டு ஒப்பிடப்பட வேண்டும். கொழுந்தைக் கொண்டுவந்து நிறுத்தவருக்குக் கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடைக்க வேண்டும். கிராம் வரையான எடையும், கழிக்கப்பட்ட அளவும், மிஞ்சியதும் அதில் தமிழில் இருக்க வேண்டும். இதற்கான செலவு இனி என்னுடைய ஒவ்வொரு விலைமனுவிலும் தனி வரியாக இருக்கும். அந்த வரியை வெட்டச் சொல்கிறவர்கள் வேறு ஆளைத் தேடிக்கொள்ளட்டும். அந்த வேறு ஆள் யார் என்று தெரிந்தால், அவரிடமும் போய் இதையே சொல்வேன்.