வளைகாப்புச் சீரில் வைக்காத நோட்டு

போன மாசியில் என் அக்கா மகளுக்கு வளைகாப்பு. முடிந்த கையோடு ஓசூரிலிருந்து தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்குப் பிரசவத்துக்கு அழைத்து வந்தோம். அதிரசம், சீப்புச் சீடை, வளையல், வெள்ளி விளக்கு என்று சீர்ப் பட்டியல் இரண்டு பக்கம். இறக்கும்போதும் ஒருமுறை எண்ணிப் பார்த்தோம், எதுவும் குறையவில்லை. அவளுடைய செக்கப் நோட்டு மட்டும் ஓசூரில் பீரோவுக்குள் இருந்தது. அதை யாரும் தேடக்கூட இல்லை.

மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தலைவலி என்று படுத்தாள். கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது. எதிர்வீட்டு ஆச்சி, "தலைச்சனுக்குக் கால் வீங்கத்தான் செய்யும்டி, பார்லித் தண்ணி வச்சுக் குடு" என்றார். ஆச்சியைக் குறை சொல்ல மாட்டேன். கால் வீக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காதுதான். ஆனால் இவளுக்குத் தலைவலியோடு கண்ணில் மின்னுகிற மாதிரியும் இருந்தது. ஒரு கிளினிக்குக்குப் போன் செய்தோம். "திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றார்கள்.

நல்லவேளை, எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர் அக்கா அடுத்த தெருதான். வந்து பிரஷர் பார்த்தார்: 160/110. கர்ப்பிணிக்கு அது ஆபத்தான அளவு. அப்போதே அவர் முகம் மாறிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குப் போன் போட்டார். எங்கள் வீட்டு வளவுக்குள் சிக்னல் எட்டாது. பட்டாலையைத் தாண்டி முகப்புக்கு வந்து, தூணில் சாய்ந்து நின்றுதான் பேசினோம். டாக்டர் கேட்டதெல்லாம் சாதாரணக் கேள்விகள். இதற்கு முன் பிரஷர் எவ்வளவு இருந்தது? சிறுநீரில் புரதம் பார்த்தார்களா? ஹீமோகுளோபின் எவ்வளவு? ஒன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை. மாப்பிள்ளை நைட் ஷிஃப்ட்டிலிருந்து வீட்டுக்கு ஓடி, பீரோவைத் திறந்து, நோட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று.

டாக்டர் அதற்காகக் காத்திருக்கவில்லை. 108-ஐ வரச் சொன்னார், சுகாதார நிலையத்திலேயே வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசியை இரண்டு இடுப்பிலும் போட்டுவிட்டு, சிவகங்கை அரசு மருத்துவமனைக்குப் பேசி முன்கூட்டியே தகவல் சொல்லி அனுப்பினார். பிறகு நோட்டைப் பார்த்தால், ஐந்தாம் மாதம் 110/70, அடுத்த மாதம் 138/88. அந்தக் கடைசி எண்ணைச் சுற்றி யாரோ சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள். அந்த வட்டம் இருந்தது ஓசூர் பீரோவில், அவள் இருந்தது எங்கள் ஊரில்.

33 வாரத்தில் குழந்தை பிறந்தது. 1.7 கிலோ. பதினெட்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு வந்தான். இப்போது நன்றாக இருக்கிறான், ராத்திரியில் யாரையும் தூங்க விடுவதில்லை.

இதையெல்லாம் எழுதக் காரணம், தொலைமருத்துவம் என்றதும் நம் ஆட்கள் பெரிய திரையையும் அதில் தெரியும் சென்னை டாக்டரையும்தான் நினைக்கிறார்கள். அன்று எங்களுக்கு வீடியோ தேவைப்படவில்லை. போனை எடுக்க ஒரு டாக்டர், அவர் கேட்டதும் சொல்ல நான்கு எண்கள், போகும் இடத்தில் தயாராக ஒரு படுக்கை. முதலாவதும் கடைசியும் கிடைத்தன. நடுவில் இருந்தது நம் வீட்டுப் பொறுப்பு, அதில்தான் கோட்டை விட்டோம்.

அரசாங்கப் பக்கம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2008-லிருந்து 108 ஓடுகிறது. வண்டியில் இருப்பவர் கட்டுப்பாட்டு அறையில் உள்ள டாக்டரிடம் கேட்டுக்கொண்டே முதலுதவி செய்ய முடியும். மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இசஞ்சீவனி 2019-இல் வந்தது, ஆனால் அது சளி, காய்ச்சல், சர்க்கரை மாத்திரை மாதிரி நிதானமான விஷயங்களுக்கானது. நடுராத்திரி 160/110-க்கு அதைத் திறந்து வரிசையில் நிற்க முடியாது. எனக்கு வேண்டியது வேறு: மாவட்டத்துக்கு ஒரு மகப்பேறு நிபுணர், எந்த நேரமும் எடுக்கிற ஒரே எண், சுகாதார நிலைய டாக்டரும் செவிலியரும் தயங்காமல் கூப்பிடுகிற மாதிரி. அன்று எங்கள் டாக்டர் தனக்குத் தெரிந்த ஒரு சீனியருக்குப் போன் செய்து கேட்டார். அந்த சீனியர் எடுத்தார். எடுக்காமலும் போயிருக்கலாம்.

அந்த மெக்னீசியம் சல்பேட் ஊசி ஒன்றும் புதிதல்ல. 2002-இல் வெளியான ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு, அது வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கும் என்று காட்டியது. விலையும் குறைவு. சரியான நேரத்தில் "போடுங்கள்" என்று ஒருவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்தத் துணிச்சலைத்தான் போனில் வரும் நிபுணர் தருகிறார்.

ஆனால் இந்தக் கதை அந்தச் சனிக்கிழமை தொடங்கவில்லை. என் அக்காவுக்கும் முதல் பிரசவத்தில் பிரஷர் ஏறியது. அது மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். இதை முதல் செக்கப்பிலேயே சொல்லியிருந்தால், குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று 16 வாரத்துக்குள் யோசித்திருப்பார்கள். கால்சியம் மாத்திரையை அவள் "வாய் கசக்குது" என்று பாதி நாள் விட்டிருக்கிறாள். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கியிருக்கிறாள், டீ இரும்புச் சத்தை உடம்பில் சரியாக ஏறவிடாது. இதெல்லாம் பிறகு ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டது.

கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு தரும் பிக்மி எண்ணை வாங்குவதில் மட்டும் நாம் யாரும் தவறுவதில்லை. பிறப்புச் சான்றிதழுக்கு வேண்டும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய்க்கும் வேண்டும். அந்த எண் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும். ஆனால் பெண் தாய் வீட்டுக்கு வந்ததை இங்குள்ள செவிலியரிடம் சொன்னால்தானே அவர் அதைத் திறந்து பார்ப்பார்? பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்கு மேல்தான் பிரஷர் ஏறும். அதே ஏழாம் மாதம்தான் நாம் பெண்ணை ஊர் மாற்றுகிறோம். பழைய செவிலியர் "போய்விட்டாள்" என்று நினைப்பார், புதியவருக்கு வந்ததே தெரியாது. சிங்கப்பூர், மலேசியா என்று ஆண்கள் வெளியில் இருக்கும் நம் பக்கத்து வீடுகளில் இதைக் கவனிக்க வயதானவர்கள்தான் மிச்சம்.

இந்த ஆவணியில் எங்கள் பங்காளி வீட்டில் ஒரு வளைகாப்பு. நோட்டும் ஸ்கேன் ஃபைலும் முதல் தாம்பாளத்திலேயே இருக்க வேண்டும், பெண் வந்து இறங்கிய அன்றே செவிலியர் அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஆச்சி ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: "அதுக்கும் மஞ்சள் தடவணுமா?"

தடவுங்க ஆச்சி, எண் அழியாம பாத்துக்குங்க என்றேன்.